பசியாறலும் ஆற்றுப்படையும்

புதிய ஊர் ஒன்றை அடைந்தவன் வினவும் வினாக்களுள் முதன்மையானது, வயிறார உண்ண இடம் எங்கே என்பது. காலை வேளையில் அவ்வினாவுக்கு விரைவும் மிகுதி. இன்று அதற்கு விடை கூறும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. நாளிதழ் இணைப்புகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் கைப்பேசித் திரையிலும் ‘சிறந்த பத்துக் கடைகள்’ என்னும் வரிசைகள் நாள்தோறும் பெருகி வருகின்றன. ஆயினும் அவ்வெழுத்தைத் திறனாய்வு நோக்கில் அளந்து பார்ப்பவர் அரியர். உணவைப் பற்றிய எழுத்து இலக்கியத்தின் எல்லைக்குள் வாராது என்னும் எண்ணமே அதற்குக் காரணமாகலாம்.

தமிழைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும் வழியைக் காட்டும் இலக்கிய வகை ஒன்று தமிழில் சங்க காலத்திலேயே செழித்திருந்தது. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். அதனை அளவுகோலாகக் கொண்டு இன்றைய உணவு வழிகாட்டிகளை அளந்தால், அவற்றில் இல்லாதது எது என்பது தெளிவாகப் புலப்படும். அவ்வாறு அளத்தற்கு ஏற்ற ஊர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள கெலாங் பாத்தா. அங்கே காலை உணவு என்பது ஓய்வுநாளின் பொழுதுபோக்கு அன்று; பெரும்பாலார்க்கு அது வேலைக்குச் செல்லும் வழியில் கடந்தாக வேண்டிய ஒரு கட்டம்.

ஆற்றுப்படையின் நான்கு விடைகள்

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்று வந்த வழியைக் கூறி ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வரை இத்துறைக்கு உரியவராகத் தொல்காப்பியம் கூறுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. முருகனிடத்து ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படையை ஒதுக்கினால், எஞ்சிய நான்கும் மன்னனையோ தலைவனையோ நோக்கிச் செல்வன. அவை பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் என்பன. 1889-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல் இந்நூல்கள் தமிழாசிரியர்க்கு நன்கு பழகியவை. எனினும் அவை வள்ளலைப் பாடிய பாட்டுகள் என்றே பெரிதும் கற்பிக்கப்படுகின்றன. வழியைப் பாடிய பாட்டுகள் என்று கற்பிக்கப்படுவது குறைவு.

இப்பாட்டுகள் நான்கு வினாக்களுக்குத் தவறாமல் விடை தருகின்றன. செல்பவன் யார், அவன் பசி எத்தகையது என்பது முதல் வினா. சிறுபாணாற்றுப்படை இதற்குக் கூறும் விடை கற்றவர் நெஞ்சை விட்டு அகலாதது. பாணனின் வீட்டில், குட்டி ஈன்ற நாய்க்கும் பாலில்லை. வீட்டுக்குரியவள் குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் கண்டுவிடலாகாதே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு உண்கிறாள். இதனை அறிந்த பின்னரே வழியில் கிடைக்கும் சோற்றின் அருமை படிப்பவனுக்கு விளங்குகிறது.

எவ்வழியில், எப்பொழுது செல்வது என்பது இரண்டாம் வினா. மலைபடுகடாம் இதில் தலைசிறந்தது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, பாசி படிந்து வழுக்கும் கரை, தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் ஆகிய அனைத்தையும் அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. இரவில் குகையில் தங்கி, விடியலில் எழுந்து நல்ல வழியைப் பற்றிச் செல்லுமாறு நேரமும் குறித்துச் சொல்கிறது.

என்ன கிடைக்கும் என்பது மூன்றாம் வினா. தருபவர் யார் என்பது நான்காம் வினா. பெரும்பாணாற்றுப்படை இவ்விரண்டையும் நிலந்தோறும் சொல்லிச் செல்கிறது. எயினரிடம் புல்லரிசிச் சோறும் உலர்ந்த ஊனும், கோவலரிடம் பாலொடு தினைச்சோறும், முல்லை நிலத்தாரிடம் வரகுச் சோறும் அவரைப் பருப்பும், மருத நிலத்தாரிடம் வெண்ணெல் சோறும் கோழி வாட்டும், அந்தணர் வீட்டில் மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் கிடைக்கும் என்பது அதன் வரிசை. ‘சுவையான உணவு’ என்னும் பொதுச்சொல் ஒன்றால் எதனையும் மூடி மறைக்கவில்லை.

அரண்மனைச் சோறும் வழிநடைச் சோறும்

இப்பாட்டுகளை ஒருங்கு வைத்துப் பார்ப்போர்க்கு ஒரு வேறுபாடு தோன்றும். சிறுபாணாற்றுப்படையில் வழியோரத்து மூவர் தரும் உணவும் பெயர் சுட்டப் பெறுகின்றன. கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீன். வேலூரில் புளி சேர்த்த சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கறியும். ஆமூர் உழவர் மகள் தொடி அணிந்த கையினள். வந்தவரைத் தன் மக்களைப் போலத் தடுத்து நிறுத்தி உண்பிக்கிறாள். ஆனால், பாட்டின் இறுதியில் நல்லியக்கோடனின் அரண்மனையை அடைந்ததும் நிலை மாறுகிறது. அங்கே பொற்கலம் இருக்கிறது; வீமன் இயற்றியதாக உரையாசிரியர் கூறும் சமையல் நூலின் வழுவாத பலவகை அடிசில் இருக்கிறது; அருகே நின்று உண்பிக்கும் தலைவன் இருக்கிறான். ஆனால் அந்த அடிசில் இன்னது என்று ஒன்றன் பெயரேனும் கூறப்படவில்லை.

புலவர் நத்தத்தனார்க்குச் சோற்றின் பெயர் மறந்துவிட்டது என்று கொள்ளலாகாது. அரண்மனையில் பேசப்படுவது கொடுப்பவனின் பெருமை. வழியோரத்தில் பேசப்படுவது உண்பவனின் பசி. பெருமையைச் சொல்லும்போது கலமும் நூலும் முன்வருகின்றன. பசியைச் சொல்லும்போது சோறு முன்வருகிறது. இதுவே உணவு பற்றிய எழுத்தைத் தரம் பிரித்தற்குரிய உரைகல். ஒரு கடையைப் பற்றி எழுதுவோர் அதன் பழமையையும் அலங்காரத்தையும் புகழையும் மட்டும் கூறி, இலையில் விழுவது யாது என்பதைக் கூறாது விட்டால், அவர் அரண்மனையைப் பாடியவர் ஆவார், ஆற்றுப்படுத்தியவர் ஆகார்.

அரசரின் கொடையைப் பாடிய இலக்கியத்தைக் காசு கொடுத்து உண்ணும் கடைக்கு அளவுகோலாக்குவது முறையா என்று வினவலாம். வினா பொருத்தமானதே. ஆற்றுப்படையில் விருந்து உண்டு, விலை இல்லை. கடையில் விலை உண்டு. ஆகவே இன்றைய வழிகாட்டி, பழைய நான்கு விடைகளோடு விலை என்னும் ஐந்தாம் விடையையும் தரக் கடமைப்பட்டுள்ளது. அளவுகோல் இதனால் பயனற்றுப் போவதில்லை, நீளுகிறது.

கெலாங் பாத்தாவின் வைகறை

மலாய் மொழியில் ‘கெலாங்’ என்பது வளையையும், ‘பாத்தா’ என்பது முறிந்ததையும் குறிக்கும். ‘முறிந்த வளை’ எனப் பொருள்படும் இவ்வூர் ஜொகூரின் தென்மேற்கில், நீரிணைக்கு அணித்தாக அமைந்துள்ளது. ரப்பரும் செம்பனையும் நின்ற இவ்வட்டாரம் இன்று நகரமாகிவிட்டது. இஸ்கந்தார் புத்திரி என்னும் பெயரில் 2017-இல் மாநகரத் தகுதியும் பெற்றது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 1998 சனவரி 2-ஆம் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து துவாஸ் வரை கடல்மேல் செல்லும் அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1,920 மீட்டர். அதற்குப் பின்னர் இவ்வூரின் காலைப்பொழுது மாறியது. துவாஸ் தொழிற்சாலைகளில் வேலைக்குச் செல்வோர், விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுச் சுங்கச் சாவடியைக் கடக்கின்றனர்.

இவ்வூர்த் தமிழருள் முதியோர்க்கு இந்த வைகறை புதிதன்று. தோட்ட வாழ்க்கையிலும் நாள் இருட்டிலேயே தொடங்கியது. பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் பால் மரம் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும். ஆதலால் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறோ ரொட்டியோ, வெட்டு முடிந்த பின் மரத்தடியில் உண்ணப்பட்டது. பழைய சோறு அதில் பெரும்பங்கு பெற்றது. பெரும்பாணாற்றுப்படையிலும் இதற்கு ஒப்பான காட்சி ஒன்று உண்டு. உழைத்துக் காய்த்த கையினரின் சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்து, குடிலின் முன்றிலில் அவல் இடிக்கின்றனர். நாளும் பழஞ்சோறு உண்ணும் வீட்டுப் பிள்ளைகளின் சலிப்பை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் கண்டு எழுதியிருக்கிறார். தோட்டத்து வீடுகளில் பிறந்தோர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

இன்று பாலத்தைக் கடக்கும் தொழிலாளிக்கு உணவுவழிகாட்டி எழுத முற்படுவோர் எவற்றைச் சொல்ல வேண்டும்? கடை எந்நேரத்தில் திறக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எட்டு மணிக்குத் திறக்கும் கடை எத்துணைச் சிறந்ததாயினும் ஐந்து மணிக்குச் செல்பவனுக்குப் பயனில்லை. வண்டியை நிறுத்த இடம் உண்டா, உணவு வருவதற்கு எத்துணை நேரமாகும், பொட்டலமாகக் கட்டித் தருவார்களா என்பவற்றை அடுத்துச் சொல்ல வேண்டும். நாசி லெமாக் என்றால், தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றுடன் நெத்திலி, கடலை, முட்டை, சம்பல் எல்லாம் உளவா, அல்லது பெயருக்குச் சிறு பொட்டலமா என்பதைச் சொல்ல வேண்டும். தோசை என்றால் எத்தனை உண்டால் நண்பகல் வரை தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் நிற்பதால், பாலத்துக்கு இப்பால் உண்பதற்கும் அப்பால் உண்பதற்கும் உள்ள விலை வேறுபாடு தொழிலாளிக்குச் சிறிதன்று. அதனையும் சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்லும் எழுத்து அழகற்றதாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பன்றிப் பொறியையும் வழுக்குப் பாசியையும் சொல்லிய மலைபடுகடாம் அழகு குன்றவில்லை.

பழங்கடைகளும் பட்டியல்களும்

இதற்கு மாறான போக்கு, பெருநகரமாகிய ஜொகூர் பாருவைப் பற்றிய வரிசைகளில் காணப்படுகிறது. அந்நகரின் பழைய வீதிகளில் புகழ்பெற்ற கடைகள் சில உண்டு. 1919-இல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக்கடை விறகு அடுப்பில் வேகும் ரொட்டிக்கும் வாழைப்பழக் கேக்குக்கும் பெயர் பெற்றது. 1937-இல் தோன்றிய சலாவுதீன் ரொட்டிக்கடை இந்திய முஸ்லிம் குடும்பத்தாரின் உழைப்புக்குச் சான்று. 1946 முதல் நடந்துவரும் ஹுவா மூய் கோப்பிக்கடை ஹைனானியச் சமையல் மரபைக் காத்து வருகிறது. இவற்றின் பெருமையில் ஐயமில்லை. நகரின் வரலாற்றை நாவால் அறிய விரும்புவோர் இவற்றைத் தேடிச் செல்வது தகும்.

ஆனால் ‘வயிறு நிறையக் காலை உணவு’ என்னும் தலைப்பின் கீழ் ரொட்டிக்கடையையும் சோற்றுக்கடையையும் வேறுபாடின்றி அடுக்குவது வழிகாட்டுதல் ஆகாது. ரொட்டிக்கடை காலையில் வாங்கிச் செல்வதற்கு உரியது; கோப்பிக்கடை அமர்ந்து உரையாடி உண்பதற்கு உரியது; மாமாக் கடை விரைந்து உண்டு எழுவதற்கு உரியது. மூன்றும் மூவகைப் பசிக்கு விடை. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் ஆண்டையும் அடுப்பையும் மட்டும் வியப்பது, பொற்கலத்தை வியந்து சோற்றை மறப்பதே. குறை கடைகளினது அன்று; அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தியவர்களது.

மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 திசம்பரில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றின் பெயர் அப்போது பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் பட்டியலில் ஏறியது தனி உணவு எதுவும் அன்று. பல இனத்தார் ஒருங்கு அமர்ந்து உண்ணும் வழக்கமே. பெரும்பாணாற்றுப்படையின் பாணன் வேட்டுவர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகிய அனைவரிடமும் உண்டு செல்கிறான் என்பது இங்கு நினைத்தற்குரியது. ஒருவேறுபாடும் உண்டு. பாணன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனித்தனியே சென்றான். இங்கோ அவரவர் உணவும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்கிறது. ஒரு மேசையில் இருப்போர் ஒருவர் உண்பதை மற்றவர் உண்ணாதிருக்கலாம். ஆயினும் மேசை ஒன்றே. இவ்வுண்மையை உணராத வழிகாட்டி, தமிழர் கடை, மலாய்க்காரர் கடை, சீனர் கடை என்று பிரித்து எழுதி, ஊரின் இயல்பைக் கோட்டை விடுகிறது.

சிற்றுண்டியா, பசியாறலா?

இனித் தமிழாசிரியர்க்கு நேரே உரிய செய்தி ஒன்று உண்டு. மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் காலையில் உண்பதைப் ‘பசியாறல்’ என்பர். காலையில் ஒருவரை ஒருவர் காணும்போது “பசியாறிட்டீங்களா?” என்பதே நலம் வினவும் சொல். தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில், குறிப்பாக முஸ்லிம் குடும்பங்களில், இவ்வழக்கு இன்றும் உயிரோடு உள்ளது. பிற இடங்களிலோ ஆங்கிலவழி வந்த ‘டிபன்’ என்னும் சொல் அவ்விடத்தைப் பிடித்துக் கொண்டது; உருது வழி வந்த ‘நாஷ்டா’ சில ஊர்களில் வழங்குகிறது.

கெலாங் பாத்தாவில் பயிலும் மாணவன் ஒருவன், ‘அப்பா பசியாறிவிட்டு வேலைக்குப் போனார்’ என்று கட்டுரையில் எழுதினால், அதனைப் பேச்சுவழக்கு என அடித்து, ‘சிற்றுண்டி அருந்திவிட்டு’ எனத் திருத்தக் கருதும் ஆசிரியர் சற்று நின்று எண்ண வேண்டும். சிறுமை + உண்டி என்பதே சிற்றுண்டி. சிறிய அளவில் உண்பது என்பது அதன் பொருள். பாலம் கடந்து பன்னிரண்டு மணி நேரம் உழைக்கச் செல்பவர் உண்டது அதுவன்று. மேலும், மலேசியப் பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலை என்பது இடைவேளையில் மாணவர் உண்ணும் இடத்தின் பெயர். ஆகவே சிற்றுண்டிக்கும் பசியாறலுக்கும் உரிய எல்லைகளை மக்கள் வழக்கு முன்னரே வகுத்துவிட்டது. அதனை அழிப்பது திருத்தம் ஆகாது.

‘ஆறு’ என்னும் வினையின் பொருளும் நோக்கத்தக்கது. புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, சினம் ஆறுகிறது, நடந்தவன் இளைப்பாறுகிறான், துயருற்றவன் ஆறுதல் பெறுகிறான். வருத்திய ஒன்று தணிவதே இவ்வெல்லா இடங்களிலும் பொருள். பசியாறல் என்பதும் பசி என்னும் வருத்தம் தணிவது. உண்ட பொருளை அது குறிப்பதில்லை. உண்டவனுக்கு நேர்ந்ததைக் குறிக்கிறது. ஆற்றுப்படையில் வரும் ஆறு வழியைக் குறிப்பது. பசியாறலில் வரும் ஆறு தணிதலைக் குறிப்பது. சொற்கள் இரண்டும் வேறு. ஆனால் நல்ல உணவு வழிகாட்டி ஒன்றுக்கு இரண்டு ஆறும் வேண்டும்: வழியும் தெரிய வேண்டும், பசியும் தணிய வேண்டும்.

நிறைவின் எல்லை

வயிறார உண்பதைப் போற்றுமிடத்து அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் அவையில் விருந்துண்ட பொருநன், இரவும் பகலும் ஊன் தின்று, உழுத கொழுமுனை தேய்வதுபோலப் பல் மழுங்கி, உணவையே வெறுத்து, ஊர் திரும்ப விடை கேட்கிறான். முடத்தாமக்கண்ணியார் இதனை நகை தோன்றப் பாடியிருப்பினும், நிறைவுக்கும் மிகைக்கும் இடையில் உள்ள கோட்டை அவர் கண்டுவிட்டார் என்பதில் ஐயமில்லை.

இக்கோடு இன்று நோயின் வடிவில் எதிர்நிற்கிறது. மலேசியாவில் 2023-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். பால் மரம் வெட்டியவரின் பசியும், நாற்காலியில் அமர்ந்து பணி செய்பவரின் பசியும் ஒன்றல்ல. தந்தை உண்ட அளவையே மகனும் உண்டு, தந்தை நடந்த தொலைவை மட்டும் மகன் நடவாதிருந்தால் உடல் அதனைப் பொறாது. கெட்டிப்பால் கலந்த தேநீரும் நெய்யில் பொரிந்த ரொட்டியும் நாள்தோறும் வேண்டுமா என்பதை உண்பவனின் உழைப்பே முடிவு செய்ய வேண்டும். வழிகாட்டியின் முதல் வினா ‘செல்பவன் யார்’ என்பதாக இருக்க வேண்டியதன் காரணம் இங்கும் விளங்கும். அவ்வினாவுக்கு விடையின்றி ஓர் உணவை எல்லார்க்கும் சிறந்தது என்று கூறுவது பொருளற்றது.

ஆகவே, உணவிடங்களைப் பற்றி எழுதுவோர் தமிழில் முன்மாதிரி இல்லையே என்று அயல்மொழி வரிசைகளைப் பின்பற்ற வேண்டியதில்லை. முன்மாதிரி பத்துப்பாட்டிலேயே உள்ளது. உயர்வகுப்பில் ஆற்றுப்படை கற்பிக்கும் ஆசிரியர், வள்ளலின் பெருமையோடு நிறுத்தாமல், தம் ஊரில் விடியற்காலையில் வேலைக்குச் செல்பவர்க்கு ஓர் ஆற்றுப்படை எழுதுமாறு மாணவர்க்குப் பயிற்சி அளிக்கலாம். எழுத வேண்டுமானால் மாணவன் கடைக்குச் செல்ல வேண்டும். நேரத்தையும் விலையையும் கேட்டு அறிய வேண்டும். கல்லடுப்பின் முன் நிற்பவரோடு பேச வேண்டும். அவ்வாறு எழுதிய கட்டுரையில் ‘பசியாறல்’ என்னும் சொல் வருமாயின், ஆசிரியரின் சிவப்பு மை அதன்மேல் விழாதிருப்பதே முறை. தொடிக்கையால் தடுத்து உண்பித்த ஆமூர் உழவர் மகளை இலக்கியம் என்று கொண்டாடிவிட்டு, முறிந்த வளையின் பெயர் கொண்ட ஊரில் இருட்டோடு எழுந்து தோசை வார்ப்பவரை இலக்கியத்துக்குப் புறம்பானவர் என்று ஒதுக்குவது எவ்வாற்றானும் பொருந்தாது.